எந்த மாதிரி யாரைக் குற்றம் சொல்கிறது? தகவல்தொடர்பு மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

டிசம்பர் வந்துவிட்டால் இதழியல், காட்சித் தொடர்பியல் முதுகலை மாணவர்கள் ஒரே கேள்வியோடு என்னிடம் வருவார்கள். ஆய்வுத் தலைப்பு முடிவாகியிருக்கும். வழிகாட்டியும் ஒப்புதல் தந்திருப்பார். "சார், இதற்கு எந்த மாதிரியைப் போடலாம்?" என்பார்கள். செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதை விளக்கும் படம்தான் அவர்கள் கேட்கும் மாதிரி. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பதுபோல இருக்கும்.

அப்படித் தொட்டுக்கொண்டதன் விளைவை ஆய்வேடுகளைத் திருத்தும்போது பார்க்கிறேன். இரண்டாம் இயலில் அரிஸ்டாட்டில் தொடங்கி ஏழு பேருடைய படங்களும் அம்புக்குறி பிசகாமல் வரையப்பட்டிருக்கும். நான்காம் இயலில், தரவை அலசும் இடத்தில், அந்த ஏழு பேரில் ஒருவரும் இருக்கமாட்டார். கள நிறுவனங்கள் எழுதும் விழிப்புணர்வுத் திட்டங்களிலும் இதே கதைதான். முதல் பக்கத்தில் ஒரு படம், கடைசிப் பக்கத்தில் துண்டுப் பிரசுரச் செலவு, நடுவில் இரண்டுக்கும் உறவே இல்லை.

மாதிரி என்பது ஒரு சந்தேகப் பட்டியல். சொன்னது போய்ச் சேரவில்லை என்றால் பழுது எங்கே இருக்கும் என்று அது முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கிறது. ஒன்று கம்பியைச் சந்தேகிக்கும், ஒன்று பேசியவரை, ஒன்று கேட்டவரை. இன்னொன்று "பழுதே இல்லை, நீ நினைத்தது நடக்கவில்லை, அவ்வளவுதான்" என்று கையை விரிக்கும். ஆகவே தேர்வு செய்யுமுன் கேட்கவேண்டியது இது: யார்மேல் குற்றம் சுமத்த நான் தயாராக இருக்கிறேன்?

எவற்றை வைத்து எடைபோடுவது

நான் நான்கு அளவுகோல்களைப் பயன்படுத்துகிறேன். மாதிரி பழுதை எங்கே தேடுகிறது என்பது முதலாவது. அதற்கு எந்த வகைத் தரவு வேண்டும், கையில் இருக்கும் காலத்தில் அதைத் திரட்ட முடியுமா என்பது இரண்டாவது. கேட்பவரை அது எப்படி நடத்துகிறது, பாத்திரமாகவா மனிதராகவா என்பது மூன்றாவது. நான்காவது, முடிவு வந்தபின் எதை மாற்றச் சொல்லும் என்பது. பட்டத்துக்காக மட்டும் எழுதுபவர்கள் நான்காவதைப் பொருட்படுத்துவதில்லை. களப்பணியாளர்களுக்கோ அதுதான் முதலாவது.

வெறும் அளவுகோலை வைத்துப் பேசினால் எல்லாமே சரிபோலத் தோன்றும். எனவே எல்லா மாதிரிகளையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்: கடலில் இருக்கும் மீனவருக்குப் புயல் எச்சரிக்கை சொல்வது.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலை குமரி மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்தது 30ஆம் தேதி முற்பகலுக்குள் புயலாகிவிட்டது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தும் காணாமலும் போனார்கள். எச்சரிக்கை விடப்பட்டதா என்றால் விடப்பட்டது. போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு பதில் சொல்லும்.

லாஸ்வெல்: ஐந்து கேள்விகள்

யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்? அமெரிக்க அரசியல் அறிஞர் ஹரால்ட் லாஸ்வெல் 1948இல் எழுதிய வரி இது. அவர் முதல் உலகப்போர்ப் பிரச்சாரத்தை ஆராய்ந்தவர். பிரச்சாரம் செய்பவர் ஒருவர், அதற்கு ஆளாகிறவர்கள் பலர் என்ற அமைப்பு அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது.

இதன் பெரிய பலம், ஒவ்வொரு கேள்வியும் ஓர் ஆய்வு முறையைக் கையில் கொடுத்துவிடுவது. "யார்" என்பதற்கு ஊடகக் கட்டுப்பாட்டு ஆய்வு, "என்ன" என்பதற்கு உள்ளடக்கப் பகுப்பாய்வு, "யாருக்கு" என்பதற்கு நேயர் ஆய்வு என்று போகும். மூன்று மாதம்தான் இருக்கிறது, ஆளும் ஒருவர்தான் என்றால் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு கௌரவமாக முடித்துவிடலாம். உதாரணமாக, ஒரு பருவமழைக் காலத்தில் இரண்டு நாளிதழ்கள் புயல் செய்தியை எப்படி வெளியிட்டன என்பது "என்ன" என்ற ஒற்றைக் கேள்வி. நூலகமும் பொறுமையும் போதும்.

ஆனால் சூழலுக்கு இந்த வரியில் இடம் இல்லை. அதைக் கண்டுதான் ரிச்சர்ட் பிராடக் 1958இல் இரண்டு கேள்விகளைச் சேர்த்தார்: எந்தச் சூழ்நிலையில், எந்த நோக்கத்துக்காக? தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று வரிசையாகச் சொல்கிறது. பிராடக் சேர்த்த சூழ்நிலை அதில் களனும் காலமுமாக ஏற்கெனவே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு "நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம்" என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அது கவிதையின் இலக்கணம். செய்தி போய்ச் சேருவதைப் பற்றிய கொள்கை அல்ல. ஆனால் லாஸ்வெல்லின் கேள்விகளைத் தமிழில் விரிக்க வேண்டியிருந்தால் அதைவிடக் கச்சிதமான கலைச்சொற்கள் கிடைக்கா.

மறைந்திருக்கும் செலவு "விளைவு" என்ற ஐந்தாவது கேள்வியில் இருக்கிறது. எழுதும்போது ஒரு சொல். அளக்கும்போது, எச்சரிக்கைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, எச்சரிக்கை கேட்காத ஓர் ஊரில் ஒருமுறை என்று களத்துக்குப் போகவேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் "விழிப்புணர்வு அடைந்தீர்களா?" என்று கேட்டு, 82 பேர் "ஆம்" என்றதை விளைவு என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் "இல்லை" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஷானன், வீவர்: கம்பியைச் சந்தேகிப்பவர்கள்

இதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். சரியாகப் புரிந்துகொள்ளாமல் திட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கிளாட் ஷானன் பெல் ஆய்வகத்துப் பொறியாளர். 1948 ஜூலை, அக்டோபர் இதழ்களில் இரண்டு பகுதிகளாக வந்த அவருடைய கட்டுரைக்குக் கருப்பொருள், ஒரு முனையில் தேர்ந்த செய்தியை மறுமுனையில் எவ்வளவு பிழையின்றி மீட்கலாம் என்பது. செய்தியின் பொருள் பொறியியல் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாதது என்று அவரே தொடக்கத்தில் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு நூலாக வந்தபோது வாரன் வீவர்தான் அதை மனிதப் பேச்சுக்கும் நீட்டி, நுட்பம், பொருள், பயன் என்று மூன்று படிகளை வகுத்தார். ஷானன் வரைந்த படத்தில் பொருள் இல்லையே என்று குறை சொல்வது, தராசில் ருசி பார்க்க முடியவில்லையே என்று அலுத்துக்கொள்வதற்குச் சமம்.

புயல் எச்சரிக்கையில் முதலில் உடைவது பெரும்பாலும் கம்பிதான். படகிலுள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் பார்வைக்கோட்டுக்கு எட்டிய தூரம்தான் போகும், சில பத்துக் கடல் மைல். கைபேசி அதைவிடக் குறைவு. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருப்பவருக்கு உலகின் மிக அழகான தமிழில் எச்சரிக்கை எழுதினாலும் பயன் இல்லை. ஒக்கிக்குப் பிறகு, 2019 அக்டோபரில், ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கைகளை ககன் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும் ஜெமினி கருவி அறிமுகமானது. சிறு பெட்டி, செய்தியை வாங்கி, புளூடூத் மூலம் கைபேசிக்குத் தரும். இது ஷானன் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில். அது ஒருவழிப் பாதை என்பதும் ஷானனின் படத்துக்குப் பொருத்தம்தான். அதிலும் திரும்பி வரும் அம்பு கிடையாது. பின்னால் வந்த டிரான்ஸ்பாண்டர்களில்தான் படகிலிருந்தும் செய்தி அனுப்ப வழி பிறந்தது.

வழியில் செய்தியைச் சிதைப்பதற்கு ஷானன் படத்தில் இரைச்சல் என்று பெயர். அந்தச் சொல்லை நம் மாணவர்கள் எதற்கும் பயன்படுத்துகிறார்கள். கேட்பவரின் கவலை, சாதி, பசி எல்லாமே "இரைச்சல்" ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக ஷானனின் மற்றொரு கருத்தான மிகைமையைப் பிடித்திருந்தால் நல்ல ஆய்வு கிடைத்திருக்கும். ஒரு மொழியில் தேவைக்கு அதிகமாக இருக்கும் பகுதி, இரைச்சலில் செய்தியைக் காப்பாற்றுகிறது. ஆங்கில எழுத்தில் அது ஏறக்குறைய பாதி என்று ஷானன் கணித்தார். தமிழிலோ "நாங்கள் திரும்புகிறோம்" என்பதில் "நாங்கள்" காற்றில் கரைந்தாலும் "ஓம்" என்ற விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எண்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காற்றின் வேகம் "அறுபது" என்பதும் "எழுபது" என்பதும் கரகரக்கும் வயர்லெஸ்ஸில் ஒன்றுபோலவே ஒலிக்கும். "ஏழு, சுழி" என்று இலக்கம் இலக்கமாகப் படித்தால் பிழை குறைகிறதா? ஒரு பதிவுக் கருவி, முப்பது கேட்பவர்கள், ஒரு வாரம். செலவு குறைந்த, யாரும் செய்யாத ஆய்வு.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் கொண்ட பதினொரு குறிகள். ஒன்று தொலைவில் தாழ்வு மண்டலம், இரண்டு தொலைவில் புயல் என்று ஏறிக்கொண்டே போய்ப் பத்தில் பெரும் அபாயத்தைத் தொடும். பதினொன்று எதற்கென்று கேட்டுப் பாருங்கள், பத்தைவிடப் பெரிய புயல் என்பார்கள். உண்மையில் அது, வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதன் குறி. "செய்தி இல்லை" என்பதும் "ஆபத்து இல்லை" என்பதும் வேறு வேறு என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த மாதிரியின் மறைசெலவு வேறு வகையானது. இதை எடுத்தவர் எல்லாத் தோல்விக்கும் கருவி வாங்கச் சொல்வார். கருவி வந்தபின்னும் படகு திரும்பவில்லை என்றால் இந்த மாதிரியிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

பெர்லோ: இருபது பெட்டிகள்

டேவிட் பெர்லோ 1960இல் தந்தது. மூலம், செய்தி, தடம், பெறுநர் என்று நான்கு பத்தி. ஒவ்வொன்றிலும் ஐந்து பெட்டி. பேசுபவரின் திறன், மனப்பாங்கு, அறிவு, சமூகம், பண்பாடு. பெறுநருக்கும் அதே ஐந்து. தடம் என்றால் ஐம்புலன்கள்.

பயிற்சி வகுப்புக்கு நல்லது. எச்சரிக்கை வாசிக்கும் ஊழியருக்குக் கடல் சொற்கள் தெரியுமா, அவர் பேசும் தொனி அதட்டலா வேண்டுகோளா என்று சரிபார்க்கும் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கு எடுத்தால் ஆபத்து. இருபது பெட்டிக்கும் மூன்று கேள்வி வீதம் அறுபது கேள்வி கொண்ட படிவத்தைத் தூக்கிக்கொண்டு மாணவர் கடற்கரைக்குப் போவார். வலை பின்னிக்கொண்டிருப்பவர் பத்தாவது கேள்விவரை பதில் சொல்வார். அதன்பின் எல்லாவற்றுக்கும் "ஆமாம் தம்பி" என்பார். அந்த ஐம்பது "ஆமாம் தம்பி"யும் அட்டவணையாகிப் பின்னிணைப்பில் ஏறும்.

பெர்லோ தம் நூலில் பின்னூட்டம் பற்றிப் பேசியவர்தான். புழக்கத்தில் இருக்கும் படத்தில் மட்டும் அது இல்லை. படத்தை மட்டும் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷ்ராம்: இரண்டு வட்டங்கள் தொடுமிடம்

வில்பர் ஷ்ராம் 1954இல் எழுதிய கட்டுரையில் இரண்டு முக்கியமான மாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று, உளவியலாளர் சார்ல்ஸ் ஆஸ்குட்டிடமிருந்து எடுத்த சுழற்சி. இருவரும் மாறி மாறிக் குறியாக்கம் செய்கிறார்கள், குறியை விலக்கிப் புரிந்துகொள்கிறார்கள். மற்றொன்று அனுபவப் புலம். பேசுபவரின் அனுபவ வட்டமும் கேட்பவரின் அனுபவ வட்டமும் எவ்வளவு மேற்படிகின்றனவோ அவ்வளவுதான் பேச்சு கடக்கும்.

வானிலை அறிக்கையின் ஏணியைப் பாருங்கள்: காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல். அறிவியலுக்கு இது துல்லியமான வரிசை. ஆனால் "தாழ்வு" என்ற சொல் அன்றாடத் தமிழில் அடங்கிக் கிடப்பதைக் குறிக்கிறது. அதோடு "மண்டலம்", "பகுதி" இரண்டில் எது மோசம் என்று சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கடற்கரைக்காரர்களின் அகராதியில் காற்றுக்குப் பெயர் உண்டு: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். நீரோட்டத்துக்கு நீவாடு. கரையில் இருக்கும் அதிகாரியின் வட்டத்தில் இந்தச் சொற்கள் இல்லை. கடலோடியின் வட்டத்தில் "மணிக்கு 65 கிலோமீட்டர்" என்பது வெறும் எண். தொடுமிடத்தை யாராவது உருவாக்கவேண்டும். பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 பண்பலை போன்ற சமுதாய வானொலிகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று முழுமையாகப் படிந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுச்சேரி அருகிலுள்ள நல்லவாடு சாட்சி. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூர் இளைஞர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அலை உயரம், காற்று நிலவரம் சொல்லப் பயன்படுவது. அதில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. தினமும் அலை உயரம் சொன்ன அதே ஒலிபெருக்கி, சொன்னது தங்கள் ஊர்ப் பிள்ளை. இதே செய்தி அறிமுகமற்ற எண்ணிலிருந்து குறுஞ்செய்தியாக வந்திருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

இங்கே இன்னொரு மாதிரியும் தலைகாட்டுகிறது. லாசர்ஸ்ஃபெல்டும் உடனுழைத்தவர்களும் 1940 அமெரிக்கத் தேர்தலை ஓஹையோ மாநிலத்து ஈரி கவுண்டியில் ஆராய்ந்து, 1944இல் வெளியிட்ட இருபடி ஓட்டம்: ஊடகத்திலிருந்து கருத்துத் தலைவருக்கு, அவரிடமிருந்து மற்றவர்களுக்கு. ஷ்ராமை எடுப்பவர்கள் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், இரண்டும் சண்டையிடாது.

மறைசெலவு: "அனுபவப் புலம்" என்பதை எப்படி அளப்பீர்கள்? படத்தில் வட்டம் வரைவது எளிது. ஊரில் போய்த் தங்கி, எந்தச் சொல்லுக்கு என்ன புரிகிறது என்று கேட்டுக் குறித்தால்தான் அந்த வட்டத்துக்கு உயிர் வரும். தங்காமல் எழுதப்பட்ட ஷ்ராம் ஆய்வுகள் எல்லாமே "இருவருக்கும் பொதுவான அனுபவம் தேவை" என்று முடியும். அதற்கு ஆய்வே வேண்டாம்.

பார்ன்லண்ட்: யாரும் அனுப்பவில்லை, யாரும் பெறவில்லை

டீன் பார்ன்லண்டின் 1970 மாதிரி முந்தைய எல்லாவற்றோடும் முறித்துக்கொள்கிறது. பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில், சுற்றியிருக்கும் பொதுக் குறிப்புகள், தமக்குள்ளே இருக்கும் தனிக் குறிப்புகள், ஒருவர் முகத்திலும் பேச்சிலும் மற்றவர் காணும் நடத்தைக் குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து பொருளை உருவாக்குகிறார்கள். ஒருமுறை நடந்த பேச்சை அப்படியே மறுபடி நிகழ்த்தவும் முடியாது, திரும்பப் பெறவும் முடியாது.

துறைமுகக் கட்டுப்பாட்டு அறை ஊழியருக்கும் படகின் ஓட்டுநருக்கும் நடக்கும் இரண்டு நிமிட வயர்லெஸ் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். "திரும்பி வாங்க" என்கிறார் இவர். "பார்க்கிறோம்" என்கிறார் அவர். அந்தப் "பார்க்கிறோம்" ஒப்புதலா, மறுப்பா, பேச்சை முடிக்கும் மரியாதையா? ஓட்டுநரின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பயந்தவராகத் தெரிய அவர் விரும்புவாரா? டீசல் கடன் தலையில் இருக்கிறது. அறையில் இருப்பவருக்கு அது தெரியாது. ஷானன் இந்தப் பேச்சை வெற்றி என்பார், சொல் பிழையின்றிப் போயிற்று. பார்ன்லண்ட் அங்கேதான் வேலையைத் தொடங்குவார்.

மருத்துவரும் நோயாளியும், ஆசிரியரும் பெற்றோரும், கணவனும் மனைவியும் என்று முகத்துக்கு முகம் நடக்கும் எதற்கும் இதைவிடக் கூர்மையான கருவி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதன் விலையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒலிப்பதிவுக்கு இருவரின் ஒப்புதலும் வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை, தயக்கமும் மௌனமும் விடாமல் எழுத்தாக்க ஒரு முழு நாள் போகலாம். பதிவு செய்கிறோம் என்று தெரிந்ததும் பேச்சே மாறிவிடும். தனிக் குறிப்புகளைப் பின்னர் நேர்காணலில் கேட்டால், கேட்கும்போது இன்னொரு பொருள் உருவாகிவிடும். வானொலி விளம்பரம், சுவரொட்டி போன்ற கூட்டத்துக்கான செய்திகளுக்கு இது பொருந்தாது. ஆறாயிரம் பேருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியைப் பார்ன்லண்டைக் கொண்டு ஆராய முனைந்த ஓர் ஏட்டைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது.

ஸ்டூவர்ட் ஹால்: புரிந்தும் மறுப்பவர்கள்

பர்மிங்காமில் பண்பாட்டு ஆய்வு மையத்திலிருந்து ஹால் 1973இல் எழுதிய கட்டுரை தொலைக்காட்சியைப் பற்றியது. செய்தியை உருவாக்குபவர் ஒரு பொருளை உள்ளே வைக்கிறார். பார்ப்பவர் அதையே எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை. வைத்ததை அப்படியே ஏற்பது ஆதிக்க வாசிப்பு. பொதுவில் ஏற்றுத் தம் நிலைமைக்கு விலக்குக் கேட்பது பேர வாசிப்பு. முழுதும் புரிந்துகொண்டு வேறு சட்டகத்தில் வைப்பது எதிர் வாசிப்பு.

"மீனவர்கள் கடலுக்குச் செல்லவேண்டாம்" என்ற அறிவிப்பை இதில் வைத்தால் மேலே சொன்ன எல்லா மாதிரிகளும் ஒரே தவறைச் செய்வது தெரியும். போகாதே என்றும் போனார் என்றால், கேட்கவில்லை அல்லது புரியவில்லை என்றே அவை எண்ணுகின்றன. அவர் புரிந்துகொண்டுதான் போயிருக்கலாம். "பெரிய புயலுக்குச் சரி, இன்றைக்குக் கரையோரம் போய்வரலாம்" என்பது பேரம். "போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள், காற்றே வரவில்லை, மூன்று நாள் கூலி போனது, அதை யார் தந்தார்கள்?" என்பது எதிர் வாசிப்பு. இரண்டாமவருக்கு இன்னும் பெரிய எழுத்தில் சுவரொட்டி அச்சடித்துப் பயனில்லை. அவர் கேட்பது இழப்பீடு.

என் மனம் இந்தப் பக்கம் சாய்வதை மறைக்க விரும்பவில்லை. என்றாலும் ஹாலை எடுத்தால் மூன்று சிக்கல்கள் உண்டு. வாசிப்பு வகைகள் மூன்றே என்று முடிவுகட்டி, நேர்காணல்களை மூன்று பெட்டியில் பிரித்துப் போடும் பழக்கம் வந்துவிடும். டேவிட் மோர்லி 1980இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்த குழுக்களும் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறாக வாசித்தன, பெட்டிகள் அவ்வளவு ஒழுங்காக நிரம்பவில்லை. அடுத்து, கருவி பழுதானதைக்கூட "எதிர்ப்பு" என்று வாசிக்கத் தொடங்குவீர்கள். வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தவர் எதையும் எதிர்க்கவில்லை, அவருக்குக் கேட்கவே இல்லை. மூன்றாவது, நிதி தரும் நிறுவனத்துக்கு இந்த முடிவு பிடிக்காது. விழிப்புணர்வுக்குப் பணம் கேட்டுவிட்டு, விழிப்புணர்வு இங்கே பிரச்சினையே இல்லை என்று அறிக்கை தரவேண்டி வரும்.

ஒரே பார்வையில்

| மாதிரி | பழுதைத் தேடும் இடம் | வேண்டிய தரவு | கண்ணுக்குத் தெரியாத செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| லாஸ்வெல் (1948) | ஐந்தில் ஏதோ ஒரு கண்ணி | இதழ்கள், ஒலிபரப்புப் பதிவுகள், கருத்தாய்வு | விளைவை அளக்க மூன்று முறை களம் | காலம் குறைவு, ஒரே கேள்வி |
| ஷானன், வீவர் (1948–49) | தடம், இரைச்சல் | கேட்புச் சோதனை, எட்டும் தூரம், பிழை விகிதம் | எல்லாவற்றுக்கும் கருவியே தீர்வாகத் தோன்றும் | செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாதபோது |
| பெர்லோ (1960) | பேசுபவர், கேட்பவர் தகுதி | நீண்ட வினாப்படிவம் | பதில் சொல்பவரின் சலிப்பு | பயிற்சி, சரிபார்ப்புப் பட்டியல் |
| ஷ்ராம் (1954) | பொதுவற்ற அனுபவம் | ஊரில் தங்கல், சொல் புரிதல் சோதனை | தங்காவிட்டால் வெறும் பொதுவுரை | துறைமொழியும் ஊர்மொழியும் மோதும்போது |
| பார்ன்லண்ட் (1970) | உறவு, அந்த நேரத்துச் சூழல் | உரையாடல் பதிவு, எழுத்தாக்கம் | ஒப்புதல், நாட்கணக்கில் உழைப்பு | இருவர் நேருக்கு நேர் பேசும்போது |
| ஹால் (1973) | பழுது அல்ல, அதிகாரமும் நலனும் | குழு நேர்காணல் | செயல்திட்டம் தராது, நிதியாளர் முகம் சுளிப்பார் | புரிந்தும் மறுக்கிறார்கள் என்ற ஐயம் வந்தால் |

இரண்டைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், வரிசை இருந்தால். ஷானனில் தொடங்கி ஹாலில் முடிக்கலாம்: முதலில் செய்தி எட்டியவர்கள், எட்டாதவர்கள் என்று பிரியுங்கள், எட்டியவர்களிடம் மட்டும் என்ன பொருள் கொண்டார்கள் என்று கேளுங்கள். இதில் முரண் இல்லை. ஒரே நேர்காணலை ஒரு பக்கத்தில் "பொருள் சிதைந்தது" என்றும் அடுத்த பக்கத்தில் "பொருள் உருவானது" என்றும் எழுதுவதுதான் முரண். ஷானனுக்குச் சிதைவதற்கு ஒரு மூலச் செய்தி வேண்டும். பார்ன்லண்டின் உலகில் அப்படி ஒன்றே கிடையாது. வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்பவர் முதலில் கைவைக்கும் இடம் இதுதான். நானும் அங்கேதான் வைப்பேன்.

உங்கள் நிலைமைக்கு

அண்மையில் வந்த மூன்று கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதத்தில் முதுகலை ஏட்டை முடிக்கவேண்டியவர், புயல் எச்சரிக்கைச் செய்திகளின் மொழியை ஆராய விரும்புகிறார். லாஸ்வெல்லின் "என்ன" என்ற கேள்வியை மட்டும் எடுங்கள். "விளைவு" என்ற சொல் உங்கள் தலைப்பில் இருந்தால் இன்றே நீக்குங்கள். நேரம் மிஞ்சினால் ஷ்ராமின் பக்கம் ஒரு கால் வைத்து, "தாழ்வு மண்டலம்" முதலான பத்துச் சொற்களுக்குக் கடலோர ஊர் ஒன்றில் இருபது பேர் என்ன பொருள் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு அட்டவணை ஏட்டின் மதிப்பை உயர்த்தும்.

கடலோர நிறுவனம் ஒன்றில் திட்டம் எழுதுபவர் கேட்டது: எச்சரிக்கை கொடுத்தும் படகுகள் போகின்றன, எந்த மாதிரியில் பயிற்சி வகுப்பு நடத்துவது? வகுப்பை நிறுத்தி வையுங்கள். கடந்த எச்சரிக்கையின்போது போன பத்துப் பேரிடம் போய், "அறிவிப்பு கேட்டதா, எந்த நேரம், யார் சொன்னார்கள்" என்று மட்டும் விசாரியுங்கள். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை என்றால் ஷானன். கேட்டது, ஆனால் கூண்டு எண்ணுக்குப் பொருள் தெரியவில்லை என்றால் ஷ்ராம். கேட்டது, புரிந்தது, போனேன் என்றால் ஹால். அந்தப் பத்துப் பேரும் மூன்றாம் வகையாக இருந்துவிட்டால் பயிற்சிக்கு ஒதுக்கிய தொகையை எங்கே மாற்றுவது என்று நிதி தருபவரிடம் பேசவேண்டியிருக்கும். அந்தப் பேச்சுக்கு மட்டும் பார்ன்லண்ட் உதவுவார்.

மூன்றாமவர் பி.எச்டி. மாணவர். ஆறு மாதிரிகளையும் இணைத்துப் புதிதாக ஒன்று வரையப்போவதாக எழுதியிருந்தார். படத்தையும் இணைத்திருந்தார், பதினான்கு அம்புகள். அதில் எந்த அம்பை நீக்கினால் உங்கள் தரவு மாறும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.